மதிலோரத்துப் பை

எதிர்வீட்டு முஸ்லிம் பெண்ணை நான் ராத்தா என்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். வாயில்தான் அக்கா தங்கை. என் வயிற்றெரிச்சல் எனக்குத்தான் தெரியும். கண்டி டவுனுக்கு மேலே ஏறும் எங்கள் சந்தில், அவர் தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து வட்டலப்பம் அவித்தால் ஊரே நாக்கைத் தொங்கப்போடும். குப்பை லொறியில் வரும் பெண் எங்கள் தேயிலைத் தோட்டப் பக்கத்து ஆள். அவள்கூட எனக்கு ஒரு தலையாட்டலோடு சரி. அவரிடமோ, "ராத்தா, இன்னைக்கு வட்டலப்பம் இல்லையா?" என்று கொஞ்சல். ஏன், நான் முறுக்குச் சுடவில்லையா?

இந்தத் தீபாவளிக்கும் சுட்டேன். இடுப்பு ஒடியச் சுட்டு, தட்டுத் தட்டாகச் சந்து முழுக்கக் கொடுத்தனுப்பினேன். இங்கே தட்டை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள். ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் தருவார்கள். எல்லாத் தட்டும் சீனியோடு வந்தது. மேல்மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கும் பெண் "சூப்பர் ஆன்டி" என்றும் சொன்னாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அது பொறுக்குமா ராத்தாவுக்கு? தீபாவளி வாசம் அடங்குமுன், மகளுக்குச் சம்பந்தம் பேசி முடிந்ததென்று வீட்டுக்கு வீடு, தின்றுவிட்டு எறிகிற மூடி போட்ட அலுமினியக் கிண்ணத்தில் வட்டலப்பம். அதன்பிறகு என் முறுக்கை யாரும் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை.

இதற்கிடையில் குப்பைச் சண்டை வேறு. மக்கி உக்குவதையும் உக்காததையும் தனித்தனியாகப் பிரித்து வைத்தால்தான் லொறி எடுக்கும். யாரோ ஒரு புண்ணியவான் எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்து, விடியுமுன் என் மதிலோரம் வைத்துவிட்டுப் போவதை வழக்கமாக்கிக்கொண்டான். லொறி எடுக்காது, குரங்கு பிய்த்து எறியும், கூட்டுவது நான். "ஆள் யாரென்று தெரியாவிட்டால் மதில்காரர்தான் பொறுப்பு" என்று லொறியோடு வரும் மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். "அடுத்த முறை ஆளைக் காட்டுறேன், பாருங்க!" என்று சந்தே கேட்கச் சபதம் போட்டேன். ஆள் ராத்தாதான் என்று எனக்குள் முடிவு. நல்ல பெயரை எல்லாம் ஒருத்தியே வைத்திருந்தால், குப்பையாவது அவளுடையதாக இருக்க வேண்டாமா?

வட்டலப்பம் வந்த அதே வாரம், லொறி வரும் காலை, மதிலோரம் மறுபடி ஒரு பை. விளக்குமாற்றுக் காம்பால் முடிச்சை நெம்பினேன். முதலில் வந்ததே அலுமினியக் கிண்ணம். மாட்டினாயா என்று மனம் துள்ளியது.

"ராத்தா, கொஞ்சம் வாங்க! உங்க வீட்டுக் குப்பை என் வாசல்ல என்ன செய்யுது?"

ராத்தா முக்காட்டைச் சரிசெய்தபடி வந்து குனிந்தார். "அல்லாஹ்வே, இது எங்கட பையில்ல தங்கச்சி. மூடியில செவப்புப் புள்ளி ஈக்கிது, பாருங்க. கஜு போடாம செஞ்ச ஒண்ணுக்குத்தான் அந்தப் புள்ளி வச்ச. மேல்மாடிப் புள்ளக்கி கஜு ஒத்துக்காதே."

முந்திரி ஒத்துக்காத ஆள், அப்படியா சங்கதி! "சூப்பர் ஆன்டி"யா ஆள்! இன்னும் சாட்சி வேண்டுமே என்று பையைக் கிளறினேன். கிளறியிருக்கக் கூடாது. அடியில் முறுக்கு. என் அச்சில் ஒரு பல் உடைந்திருப்பதால் என் முறுக்கு ஒரு பக்கம் மழமழவென்று இருக்கும். ஆயிரம் முறுக்குக்குள் போட்டாலும் அடையாளம் சொல்வேன். ஒன்றுகூடக் கடிபடாமல், நான் கொடுத்தனுப்பியபடியே கிடந்தது. பக்கத்தில் அந்தக் கிண்ணமோ, விரலால் வழித்து நக்கியதில் கழுவி வைத்த மாதிரி இருந்தது.

ராத்தாவும் பார்த்துவிட்டார். பார்க்காதவர் போல முக்காட்டை மறுபடி இழுத்துவிட்டார். அந்த நாகரிகம்தான் எனக்கு இன்னும் எரிந்தது.

லொறி வந்து நின்றது. "மேக்க காகெத?" என்று மேற்பார்வையாளர் சிங்களத்தில் கேட்டார், யாருடைய பை என்று. மேல்மாடி ஜன்னலில் திரை அசைந்தது. சாட்சி என் காலடியில் இருக்கிறது, காட்ட வேண்டியதுதான் பாக்கி. காட்டினால் சந்து முழுக்க எட்டிப் பார்க்கும். எது வழித்துக் கிடக்கிறது, எது அப்படியே கிடக்கிறது என்றும் பார்க்கும்.

"மகே" என்றேன். என்னுடையது.

என் சபதத்தைக் கேட்டிருந்த சனமெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. மேற்பார்வையாளர் மூச்சு விடாமல் ஏசினார். லொறிப் பெண் பைக்குள் எட்டிப் பார்த்தாள். "என்னாக்கா, இம்புட்டு முறுக்கையும் கொட்டிட்டீங்க?"

"எண்ணெய் காறிப் போச்சு" என்றேன். என் முறுக்கை, என் வாயாலேயே.

"எங்கட வீட்டுக்கு வந்தது காறல்லயே. ஒரு துண்டு மிஞ்சல்ல" என்றார் ராத்தா. இந்த மனுஷி நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே!

லொறிப் பெண் அடுத்து என் சொந்தப் பையைத் தூக்கினாள், நான் ஒழுங்காகப் பிரித்துக் கட்டிய உக்காத குப்பையை. வாய் அவிழ்ந்து ஓர் அலுமினியக் கிண்ணம் ராத்தாவின் காலடியில் விழுந்து உருண்டது. அதையும் விரலால் வழித்து நக்கித்தான் போட்டிருந்தேன்.