ராஜவேல் கடைக்கு எழுதிய வெள்ளைக் கோழி

சிதம்பரத்தில் போர்டு எழுதும் தட்சிணாமூர்த்தி முப்பது வருஷமாக ஒரே பொய்யைத்தான் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருந்தார். பால் டிப்போ என்றால் மடியை முட்டிக் குடிக்கும் கன்றுக்குட்டி. பிராய்லர் கடை என்றால் செக்கச்செவேலென்ற கொண்டையோடு நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் நாட்டுச் சேவல். உள்ளே விற்கிற கோழிக்கும் வெளியே நிற்கிற சேவலுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு ஆளும் கேட்டதில்லை. அவரும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோழிக்குழம்பு சாப்பிடுகிற மனிதர்தான், அதை மறைப்பானேன்?

அவர் மனைவி மங்கலத்துக்கு ஒரே தம்பி ராஜவேல். கடலூர் மஞ்சக்குப்பத்தில் கோழிக்கடை வைத்திருந்தான். வாரம் ஒருமுறை அக்கா கையால் சாப்பிடாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. கடையைப் பெரிதாக்கியபோது, "போர்டு நீங்கதான் மாமா எழுதணும். சேவலு பாக்கறப்பவே கூவணும்" என்றான். மச்சான் கேட்டு மறுக்க முடியுமா? அளவெடுக்க விடியற்காலை பஸ்ஸிலேயே போய் இறங்கினார்.

அந்த நேரம் பார்த்துப் பண்ணை லாரி வந்து நின்றது. இறக்குகிற ஆள் கைக்கு நாலைந்து கோழிகளைக் காலைப் பிடித்துத் தலைகீழாக அள்ளிக் கூண்டுக்குள் வீசினான். ஒன்றின் கால் கம்பியில் மாட்டி மளுக்கென்று ஒடிந்தது. அது கத்தவில்லை. வாயைத் திறந்தபடி அவரையே பார்த்தது.

"வெட்டப்போற கோழிதான மாமா" என்றான் ராஜவேல், அவர் முகம் போன போக்கைப் பார்த்து.

"வெட்டுற வரைக்கும் உயிருதான மச்சான்?"

வீட்டுக்கு வந்து தகரத்தின் முன்னால் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டே போடுகிற சேவல் அன்றைக்கு வரமாட்டேன் என்றது. நாலாம் நாள் அவர் வரைந்து முடித்தது ஒரு வெள்ளைக் கோழி. நெஞ்சில் இறகு உதிர்ந்து தோல் சிவந்திருந்தது, ஒரு கால் மடங்கியிருந்தது, வாய் திறந்திருந்தது. மேலே கடைப்பெயரை வழக்கம்போல் அழகாக எழுதியிருந்தார்.

மங்கலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "இத எந்தக் கடக்காரன் மாட்டுவான்? எந்தம்பி நமக்கு இல்லாம பூடப்போறான், பாத்துக்குங்க."

சொன்னது பலித்தது. லோடு ஆட்டோவில் போர்டோடு அவர் போய் இறங்கியதுமே, வாங்க வந்த இரண்டு பேர் அதைப் பார்த்துவிட்டு மெல்ல நழுவினார்கள்.

"என்னா மாமா, எம்பொழப்புல மண்ணள்ளிப் போடறதுக்கா வந்தீங்க?" என்று ராஜவேல் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிச் சாத்தினான்.

அப்புறம் ஒன்றரை மாதம் அவன் சிதம்பரம் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. மங்கலம் சண்டை போட்டிருந்தால் தட்சிணாமூர்த்தி தாங்கியிருப்பார். அவளோ ஒவ்வொரு ஞாயிறும் தம்பிக்கென்று ஒரு கிண்ணம் குழம்பை மூடி வைத்துவிட்டு, சாயங்காலம் அதைத் தானே சாப்பிட்டாள். அவரால் பார்க்கச் சகிக்கவில்லை.

கடைசியில், மன்னிப்புக் கேட்டுவிட்டு அவன் ஆசைப்பட்ட சேவலையே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று முதல் பஸ்ஸைப் பிடித்தார். போனால், கடை முகப்பில் பிளெக்ஸில் ஏற்கெனவே ஒரு சேவல் ஜம்மென்று நின்றது. தனக்கு இனி இங்கே என்ன வேலை என்று மனசு விட்டுப்போயிற்று. பின்பக்கம் லாரிச் சத்தம் கேட்டு அந்தப் பக்கம் போனார்.

லாரி நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே, ஆளின் கண்மட்டத்தில், அவர் எழுதிய போர்டு மாட்டியிருந்தது. அதன்கீழே ராஜவேல் ஒரு கோழியை இரண்டு கையாலும் ஏந்தி இறக்கிக் கூண்டுக்குள் மெதுவாக விட்டுக்கொண்டிருந்தான். இறக்குகிற ஆளும் அப்படியே செய்தான். அவரைக் கண்டதும் ராஜவேலுக்குக் கூச்சமாகிவிட்டது.

"வாங்க வர்றவங்களுக்கு அது வாணாம் மாமா. எறக்குறவன் பாத்தா போதும். எறக்கி முடிக்க முன்ன ஒரு மணி நேரம், இப்ப ரெண்டு ஆவுது." கூண்டுக் கதவைச் சாத்திக்கொண்டே, "ஒங்கள அப்படிப் பேசிட்டு அக்கா மொகத்துல எப்பிடி முழிக்கறதுன்னுதான் வரல" என்றான்.

தட்சிணாமூர்த்தி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு லாரியிலிருந்து வந்த அடுத்த கோழிக்கு அவசரமாக ஒரு கையை நீட்டினார்.

"ரெண்டு கையாலயும் புடிங்க மாமா" என்றான் ராஜவேல்.