தண்ணீர் ஊற்றுவது யார்?

ரிச்சர்ட்சனில் எங்கள் அபார்ட்மெண்டில் அவரை எல்லோரும் 'செடி அங்கிள்' என்பார்கள். டெக்சஸ் வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றமாட்டார். யார் வீட்டுச் செடியானாலும் ஒரு இலையைக் கசக்கி முகர்ந்த பிறகுதான் வாயைத் திறப்பார்.

எங்கள் மணி பிளாண்ட்டின் இலைகள் மஞ்சளாகிக் கொழகொழவென்று தொங்கியபோது அவரை அழைத்தேன். முகர்ந்தார். தொட்டி மண்ணில் விரலை விட்டுப் பார்த்தார்.

"தண்ணி யார் ஊத்தறது?"

"நான்தான்" என்று நானும் என் மனைவியும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

"ரெண்டு பேருமா? ஒருத்தர் ஊத்தினது இன்னொருத்தருக்குத் தெரியாதா?"

தெரியாது. நாங்கள் ஒருவரோடொருவர் பேசியே மாதக்கணக்காகிவிட்டது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

"ஓவர் வாட்டரிங் தம்பி, வேர் அழுகிப்போச்சு. இனிமே யாராவது ஒருத்தர் மட்டும் ஊத்துங்க. அதுவும் மண்ணு காஞ்சா மட்டும்."

அழுகிய வேர்களை வெட்டிவிட்டு, புது மண்ணில் நட்டார். எங்கள் முகத்தைப் பார்க்காமலேயே கிளம்பினார். காபி கூடக் குடிக்கவில்லை.

அந்த மனிதர் அன்று எதை முகர்ந்தார் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. மனைவி கலிஃபோர்னியாவில் வேலை தேடிக்கொண்டு தனியே போய்விட்டாள். இப்போது நான் ஒருவன்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். தளதளவென்று வளர்கிறது, சனியன்.