அம்பத்தூரில் அடித்த கடல் வாடை

அம்பத்தூரில் கடல் கிடையாது. ஆனாலும் அன்று காலை எங்கள் தொழிற்சாலை வாசலில் கடல் வாடை அடித்தது. நாங்கள் செய்து அனுப்பிய படகு எஞ்சின் ஒன்று மினி லாரியின் பின்னால் உப்புப் பூத்துக் கிடந்தது. பக்கத்தில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு படகுக்காரர் நின்றிருந்தார். நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோய், அவரும் அவருடைய ஆட்களும் ஓர் இரவும் பகலும் அலையில் மிதந்திருக்கிறார்கள். வேறொரு படகு இழுத்து வந்து கரை சேர்த்திருக்கிறது. "உசுரோட வந்துகீறோம். அத்தச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கம்பெனியை ஆரம்பித்தவர் எங்கள் முதலாளியான மேடத்தின் அப்பா. படகு எஞ்சின்களைப் பழுது பார்க்கும் தகரக் கொட்டகையாகத் தொடங்கி, சொந்தமாக எஞ்சின் செய்யும் அளவுக்கு வளர்த்தார். மின்வெட்டு மிகுந்த வருடங்களில் ஜெனரேட்டரும் செய்தோம். உண்மையில் அதுதான் எங்களுக்குச் சோறு போட்டது. அவர் காலமான பிறகு மேடமும் அவருடைய இரண்டு அண்ணன்களும் சேர்ந்து நடத்தினார்கள். அண்ணன்களுக்குப் படகு எஞ்சின் ஒரு தலைவலி. மேடம் மட்டும் விடவில்லை. "ஜெனரேட்டர் நின்னா விளக்கு அணையும், அவ்வளவுதான். இது நின்னா ஆள் திரும்பி வரமாட்டான். அதனாலேயே நாமதான் செய்யணும்" என்பார். நான் அப்போது திருவேற்காட்டிலிருந்து வேனில் வந்துபோகும் டிப்ளமோக்காரி. எஞ்சின்களை ஓட்டிப் பார்க்கும் சோதனைப் பிரிவில் இருந்தேன். எஞ்சின் பாகங்களைப் பூட்டும் பிரிவில் பாதிப் பேர் பெண்கள்.

வந்த எஞ்சினைப் பிரித்துப் பார்த்தோம். கடல் நீர் ஓடிச் சூட்டைத் தணிக்கும் குழாய்கள் அரித்துப் போயிருந்தன. மலிவாகக் கிடைக்கிறதென்று பெரியண்ணன் வேறு உலோகத்தில் வாங்கிப் போட்ட குழாய்கள் அவை. தொழிற்சாலையின் நல்ல தண்ணீரில் ஒழுங்காக ஓடியவை, உப்பு நீரில் சில மாதங்கூடத் தாங்கவில்லை. பெரியண்ணன் மேடத்தை ஓரமாகக் கூப்பிட்டு, "அவரு ஆயில் சரியா மாத்தலைன்னு சொல்லிடுவோம். விஷயம் வெளிய போனா கம்பெனியே போயிடும்" என்றார். மேடம் வாசலுக்குப் போனார். எல்லோர் காதிலும் விழும்படி, "தப்பு எங்களோடது. இந்தக் குழாய் போட்ட எஞ்சின் எங்க இருந்தாலும் நாங்களே வந்து மாத்தித் தருவோம்" என்றார். பெரியண்ணனின் முகம் கறுத்தது. எனக்கோ, வெகுநாள் கழித்து நன்றாக மூச்சு விட்டதுபோல இருந்தது.

பழையபடி சரியான குழாய் போட்டு எஞ்சினைத் திருப்பிக் கொடுத்தோம். படகுக்காரர் அதைப் பொருத்திக்கொண்டாரே தவிர, அவருடைய ஆட்கள் படகில் ஏற மறுத்துவிட்டார்கள். துறைமுகத்தில் ஒருவரும் எங்களை நம்பவில்லை. மேடம் என்னை அழைத்துக்கொண்டு நேராக அங்கே போனார். "நானும் கடலுக்கு வரேன். எஞ்சின் வழியில நின்னா உங்களோட சேர்ந்து நானும் மிதக்கிறேன்."

படகுக்காரர் திகைத்துப்போனார். "பொம்பளைங்க ஏற மாட்டாங்கம்மா. பசங்க ஒத்துக்க மாட்டானுங்கோ."

"இந்த எஞ்சினைப் பூட்டினவங்கள்ல பாதிப் பேர் பொம்பளைங்க. அது மட்டும் ஏறலாமா?"

வயதான ஆள் ஒருவர் முதலில் சிரித்தார். "ஏறட்டும் நைனா. அவங்க உசுரும் உசுருதானே" என்று சொல்லிவிட்டுத் தானே படகில் குதித்தார். மற்றவர்கள் அவர் பின்னால் ஏறினார்கள்.

மேடத்துக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. கரை மறைவதற்கு முன்பே வாந்தி எடுக்கத் தொடங்கிவிட்டார். "திரும்பிடலாமா?" என்று படகுக்காரர் கேட்டபோது, வாயைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டி முன்னால் காட்டினார். நான் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் ஏறவில்லை. அவர்கள் வலை வீசி, இழுத்து, மீனோடு கரைக்குத் திரும்பும்வரை எஞ்சின் ஒரே சத்தத்தில் ஓடியது. கரையில் இறங்கியதும் மணலில் உட்கார்ந்த மேடத்துக்குப் படகுக்காரர் டீ வாங்கி வந்து கொடுத்தார்.

அண்ணன்கள் மன்னிக்கவில்லை. ஜெனரேட்டர் தொழிலையும் அம்பத்தூர் இடத்தையும் தங்கள் பங்காகப் பிரித்துக்கொண்டார்கள். மேடத்துக்கு மிஞ்சியது படகு எஞ்சினும், அவரோடு வர ஒப்புக்கொண்ட எங்களில் சிலரும்தான். செம்பரம்பாக்கத்தில் ஒரு கிடங்கை வாடகைக்குப் பிடித்தோம். முதல் வேலையாக, உப்பு நீரிலேயே சோதிக்க ஒரு தொட்டி கட்டினோம். பெரிய கம்பெனிகள் இருமுறை வந்து, பெயரை மட்டும் விலைக்குக் கேட்டன. வெளியிலிருந்து எஞ்சினை வரவழைத்து எங்கள் பெயரை ஒட்டி விற்பதாகத் திட்டம். "பேருக்குள்ள எஞ்சின் இல்லைன்னா அது வெறும் ஸ்டிக்கர்" என்று மேடம் இருமுறையும் திருப்பி அனுப்பினார். இன்று அம்பத்தூர் இடத்தில் கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. அண்ணன்களின் ஜெனரேட்டரை இப்போது யாரும் கேட்பதில்லை.

போன மழைக்காலத்தில் மேடம் இறந்தார். பூந்தமல்லியில் அடக்கம் முடிந்ததும் பெரியண்ணன் என்னிடம் வந்தார். அவரும் தளர்ந்திருந்தார், அழுதிருந்தார். "இன்னைக்காவது மிஷினை நிறுத்தி வைங்கம்மா. பாக்கிறவங்க என்ன சொல்வாங்க?" என்றார். மறுநாள் ஒரு படகுக்கு எஞ்சின் போயாக வேண்டும், இன்னும் சோதிக்கவில்லை. "சோதிக்காம அனுப்ப முடியாது சார்" என்றேன்.

கல்லறை மண் ஒட்டிய செருப்போடு எல்லோரும் வேனில் ஏறினோம். கிடங்கை அடைந்ததும் தொட்டியில் உப்பைக் கரைத்து, எஞ்சினை முடுக்கினேன். பொழுது சாயும்வரை அது ஓடியது.