கட்டிலுக்குக் கீழே தெள்ளு

போன கிழமை, நான் வேலை செய்யும் மிருக சிகிச்சை நிலையத்துக்கு ஏறாவூரிலிருந்து ஒரு பெண் பூனைக்கூடையோடு வந்தார். சல்வாரின் விளிம்பைச் சற்று உயர்த்திக் கணுக்காலைக் காட்டினார். சிவப்புச் சிவப்பாகத் தடிப்புகள்.

"பூனை உம்மாட வீட்டதான் நிண்ட மிஸ். நாங்க கட்டார்ல இருந்து வந்து வீட்டத் திறந்த உடனே பாஞ்சி பாஞ்சி கடிச்ச. பூட்டிக் கிடந்த வீட்டுக்குள்ள எப்பிடித் தெள்ளு வந்த?"

தெள்ளுப்பூச்சி வரவில்லை, ஏற்கெனவே இருந்தது என்றேன். எதையும் ஒன்று இரண்டென்று சொன்னால்தான் எனக்கு நிம்மதி. பூனையின் பிடரியில் மருந்துத் துளி, ஒன்று. அது படுத்த துணிகளைக் கொதிநீரில் அலசுவது, இரண்டு. மூலைமுடுக்கெல்லாம் கூட்டி, அந்தக் குப்பையை எரிப்பது, மூன்று. நாலாவதைச் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அந்தக் கணுக்கால் என்னைச் சின்ன வயதுக்கு இழுத்துப் போய்விட்டது.

வவுணதீவுப் பக்கம்தான் எங்கள் வீடு. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சுனாமியாகக் கடல் வந்தது. பெரியகல்லாற்றில் இருந்த சின்னம்மா, அம்மாவின் தங்கை, எங்களிடம் வந்து சேர்ந்தார். சித்தப்பா இல்லை, வீடு இல்லை. சேலைத் தலைப்புக்குள் ஒரு நாய்க்குட்டி மட்டும். நிவாரண பிஸ்கட்டைத் தவிர வேறெதையும் அது தொடாததால் பெயரும் பிஸ்கட் ஆகிவிட்டது. குட்டியின் வயிற்றைப் புரட்டிப் பார்த்த அம்மா சொன்ன முதல் வார்த்தையில் ஆறுதல் எதுவும் இல்லை.

"என்னகா இது, முழுக்கத் தெள்ளு! இது வாசலத் தாண்டப்படா."

அம்மாவுக்கும் தெள்ளுக்கும் நடந்த போரில் அப்பா ஒருமுறை குறுக்கே போய், குட்டிக்கு மண்ணெண்ணெய் பூசிவிட்டார். தோல் வெந்து உரிந்தது. சின்னம்மா வெகுநாள் அப்பாவோடு பேசவில்லை. (இன்றும் யாராவது மண்ணெண்ணெய் என்று வாயெடுத்தால், நான் மேசையில் ஓங்கித் தட்டிவிடுகிறேன்.) அதற்குப் பிறகு பேன்சீப்புதான். சின்னம்மா பிடிப்பார், அம்மா வாரி வாரிச் சவர்க்காரத் தண்ணீரில் போடுவார்.

"தலைய ஆட்டாத கா," என்று ஒருநாள் அம்மா அதட்டினார்.

"என்னையா, நாயையா அக்கா?"

"ரெண்டு பேரையும்தான்."

கடல் வந்த பிறகு சின்னம்மா சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். பிஸ்கட் வளர்ந்து பெரிய நாயானது. தாழ்வாரத்தில் வைக்கோல் போட்ட சாக்குதான் அதற்குப் படுக்கை. வைக்கோலை அம்மா அடிக்கடி எரித்துப் புதிதாகப் போடுவார். வாசலைத் தாண்டும் உரிமை மட்டும் அதற்குக் கிடைக்கவேயில்லை.

பிறகு யுத்தம் நெருங்கி, எங்கள் பக்கம் ஷெல் விழத் தொடங்கியது. ஊரே உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏறியது. பிஸ்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்த சின்னம்மாவைச் சாரதி தடுத்தார். "ஆக்களுக்கே இடமில்ல. நாய் ஒண்டா இப்ப?" சின்னம்மா ஏறமாட்டேன் என்று நிலத்தில் நின்றுவிட்டார். அப்போது அம்மா செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் திகைப்புதான். இறங்கி ஓடினார். கதவை விரியத் திறந்து, தன் பழைய சேலையொன்றைக் கட்டிலுக்குக் கீழே விரித்தார். ஒரு சட்டி தண்ணீர் வைத்தார். நாயைக் கழுத்தில் பிடித்து வாசலுக்கு உள்ளே தள்ளினார்.

"உள்ள படுக்கட்டும். கதவு திறந்துதான் கிடக்கு. ஏறு கா."

அகதி முகாமில் சின்னம்மா கேட்டதெல்லாம் ஒரே கேள்வி: "அது உள்ள படுத்திருக்குமா, ஓடியிருக்குமா?"

பல மாதங்கள் கழித்துத் திரும்பினோம். கதவு ஒரு பக்கமாகத் தொங்கியது. நான்தான் முதலில் அறைக்குள் ஓடினேன். கட்டிலுக்குக் கீழே அம்மாவின் சேலை, நடுவில் வட்டமாகக் குழிந்து கிடந்தது. குனிந்தேன். தரை சிலிர்த்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் கால்கள் முழங்கால்வரை கறுத்துவிட்டன, யாரோ காலுறை போட்டுவிட்டதுபோல. அந்தக் கறுப்பு அசைந்தது. நான் போட்ட சத்தத்தில் அம்மா என்னை இழுத்து முற்றத்தில் போட்டார்.

சின்னம்மா வெளியே வரவில்லை. தெள்ளேறிய கால்களோடு அறை நடுவில் நின்றபடியே கேட்டார்.

"அக்கா, நாய் இல்லாம இவ்வளவு தெள்ளு வருமா?"

"வராது."

"அப்ப உள்ளதான் படுத்திருக்கு, என்ன?"

"ஓம் கா. கனநாள் படுத்திருக்கு."

அப்பா வயல்வெளியெல்லாம் தட்டைத் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டு போனார். பிஸ்கட் வரவில்லை. பிறகும் வரவில்லை.

அம்மா சேலையை எரித்தார், கொதிநீர் ஊற்றினார், வேப்பிலைப் புகை போட்டார். எல்லாம் சரியாகத்தான் செய்தார். தெள்ளின் புழு தின்பது காய்ந்த இரத்தத்தை என்று பின்னாளில் வகுப்பில் படித்தபோது என் பேனா நின்றுவிட்டது. எங்கள் காலில் ஏறியவை பிஸ்கட்டின் இரத்தத்தில் வளர்ந்தவை.

ஏறாவூர்ப் பெண்ணுக்கு நாலாவதை ஒருவாறு சொல்லி அனுப்பினேன். கூடு கட்டி மாதக்கணக்கில் உள்ளே கிடப்பவை எந்த மருந்துக்கும் சாகா. காலடி அதிர்ந்தால் பிறகும் சில கிழமைகள் வெளியே வரும், பயப்பட வேண்டாம்.

அந்த நாட்களில் சின்னம்மா பயப்படவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து, கால்களைக் கீழே தொங்கவிட்டிருப்பார். இரண்டு கடிக்கும், ஒன்று கடிக்கும். அம்மா பார்த்தும் பாராமல் போவார். ஒரு பின்னேரம் வெகுநேரம் இருந்தும் ஒன்றும் கடிக்கவில்லை. அன்றைக்குத்தான் சின்னம்மா வாய்விட்டு அழுதார்.