அக்கா கேட்காத வாய்தா

எங்கள் அக்கா களக்காட்டில், வாழைத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்த பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார்கள். பள்ளிச் சான்றிதழில் இருப்பது தலைமையாசிரியர் தம் வசதிக்கு எழுதிய ஆனி மாதத் தேதி. அம்மா சொன்னது ஐப்பசி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை. மழையில் மடை உடைந்த மறுநாள். நான் அம்மா சொன்னதையே ஏற்கிறேன்.

தினமும் பேருந்தில் பாளையங்கோட்டைக்குப் போய் வந்து அக்கா சட்டம் படித்தார்கள். பிறகு கடைசி வரை ஏழைகளின் வழக்குகளை மட்டுமே நடத்தினார்கள். திருமணம் செய்துகொள்ளவில்லை. வாய்தா கேட்டு வழக்கை ஒத்திவைப்பதில்லை என்பது அவர்கள் கட்சிக்காரர்களுக்குக் கொடுத்திருந்த வாக்கு. நீதிமன்றத்துக்கு வந்தால் அந்த ஏழைகளுக்கு அன்றைய வேலை போய்விடும். "ரெண்டு பஸ் மாறி வந்தவங்கள வெறுங்கையோட அனுப்பக் கூடாதுலே" என்பார்கள். காய்ச்சலோடும் வாதாடியிருக்கிறார்கள்.

தபால் துறையில் ஓய்வு பெற்றபின் நான் அக்காவோடு வந்து தங்கினேன். பள்ளி நாள் முதல் நாட்குறிப்பு எழுதுகிறவன் என்பதால், தம் வழக்கு நாட்குறிப்பையும் என்னிடமே ஒப்படைத்தார்கள். விசாரணை நாள்களையும் மருத்துவமனை நாள்களையும் எழுதியது என் கைதான்.

கடைசி வழக்கு, களக்காட்டுக்குக் கிழக்கே ஓடைக்கரைத் தெரு ஒன்றில் மூன்று தலைமுறையாக இருந்த கூலிக் குடும்பங்களுடையது. இடம் தமக்குச் சொந்தம், எல்லாரும் காலி செய்ய வேண்டும் என்று ஒரு தோட்டக்காரர் வழக்குப் போட்டிருந்தார். அது விசாரணைக்கு வந்த சமயத்தில்தான் அக்காவுக்கு ஓயாத வயிற்று வலி. உடனே பரிசோதிக்க வேண்டும் என்று மருத்துவர் ஒரு புதன்கிழமையைக் குறித்துக் கொடுத்தார். அதே புதன்கிழமைதான் அத்தெருப் பேச்சியம்மாளுக்குக் குறுக்கு விசாரணை. மருத்துவமனையைத் தள்ளிப் போட்டோம். மருத்துவர் அடுத்துக் குறித்த நாளில், இடத்தைப் பார்வையிட நீதிமன்ற ஆணையர் வந்தார். அதற்கடுத்துக் குறித்த நாளில் இறுதி வாதம்.

"யக்கா, இது மூணாந்தடவ. ஒரேயொரு வாய்தா கேளேன்" என்றேன்.

"நாம ஒண்ணு கேட்டா அவங்க ஒம்பது கேப்பாங்க. எதிர்த்தரப்பு வக்கீலு மாதிரி பேசாத. அடுத்த வாரம்னு எழுதுலே."

எழுதினேன். சத்தம் போட்டிருக்கலாம். கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்கலாம். பிழையில்லாமல் புதிய தேதியை எழுதினேன்.

நான்காம் முறை போனபோது மருத்துவர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, அக்காவை வெளியே உட்காரச் சொல்லி, "ஏன் இவ்வளவு நாள்?" என்று என்னைக் கேட்டார். தை மாதத்து இரண்டாம் செவ்வாய் விடிகாலையில் அக்கா எங்களை விட்டுப் பிரிந்தார்கள். ஒன்பதாம் நாள் தீர்ப்பு வந்தது. அத்தெருவார் வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை.

பதினாறாம் நாள் தெருவே திரண்டு வந்தது. பேச்சியம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "வக்கீலம்மாவுக்கு எப்பம் தம்பி முடியாமப் போச்சு?" என்று கேட்டார். பழக்க தோஷம், தள்ளிப் போட்ட மருத்துவமனை நாள்களை வரிசையாகச் சொன்னேன். அவர் விரலை மடக்கிக்கொண்டே வந்தார்.

"மொத நாளு, எனக்குக் குறுக்கு விசாரணை நடந்த அன்னைக்கில்லா? பயப்படாத பேச்சின்னு எம் பக்கத்துலயே நின்னாவளே!"

நான் தலையசைத்தேன்.

"ஒரு வார்த்த எங்ககிட்டச் சொல்லப்பிடாதா? நாங்களே வாய்தா கேட்டிருப்போமே. மூணு தலமொற காத்துக் கெடந்தவங்களுக்கு ஒரு மாசம் பெருசா தம்பி?"

அக்கா போய் இன்றோடு ஓராண்டு.

அக்காவைக் கடைசி நாள்களில் பராமரித்த செவிலியர்களுக்கும், மற்ற வழக்குகளை ஏற்று நடத்தும் இளைய வழக்கறிஞர்களுக்கும், துக்கத்தில் உடன் நின்ற உறவினர், நண்பர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஓடைக்கரைத் தெருவாரிடம் நான் கேட்பது மன்னிப்பு. அக்காவுக்கு உங்களைக் காப்பாற்ற வாய்த்தது. அக்காவைக் காப்பாற்ற நீங்கள் தயாராக இருந்தீர்கள்; உங்களிடம் வந்து கேட்க எனக்குத் தோன்றவில்லை.