எத்தனை கை வரைக்கும்

காஞ்சிபுரத்துக்காரன் பிரபஞ்சத்தைப் பற்றிப் பேசினால் பாவு, ஊடை என்று புடவையில்தான் ஆரம்பிப்பான் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். எனக்குத் தறி தெரியாது. நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். சின்னக் காஞ்சிபுரத்தில் ஒரு கடை. கருகிப்போன தண்ணீர் மோட்டாரைப் பிரித்து, பழைய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றித் தருவது தொழில். பிரபஞ்சத்தைப் பற்றி எனக்கென்று ஒரு கொள்கை உண்டு. அது பிறந்தது அந்தக் கடையில்தான்.

மோட்டாருக்குள்ளே சுற்றும் உருளைக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருக்கும். இரண்டும் உரசினால் மோட்டார் போயிற்று. ஆக, தொடாமலேதான் சுற்றுகிறது. தொழில் பழகிய நாளிலிருந்து இது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. தொடாமல் எதுவாவது எதையாவது அசைக்க முடியுமா? மோட்டார் கொடுக்க வந்த இயற்பியல் வாத்தியார் ஒருவரிடம் கேட்டேன். "அது காந்தப்புலம்பா" என்றார். பெயர் வைத்துவிட்டால் விளங்கிவிடுமா? பெயர் சூட்டிய அன்றைக்கே பிள்ளையின் குணம் தெரிந்துவிடுகிறதா என்ன? இதைச் சொன்னேன். மோட்டார் எப்போது ரெடியாகும் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

சரி, நாமே யோசிப்போம் என்று யோசித்தேன். வெற்றிடம் என்று ஒன்று கிடையவே கிடையாது என்பது என் முடிவு. ஆதியில் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே உருண்டையாக இருந்தது. பிறகு விலகியது. விலகினாலும் விட்டுப்போகவில்லை. வெல்லப் பாகை இரண்டு விரலால் தொட்டுப் பிரித்தால் நடுவில் கம்பி நீளுமே, அந்த மாதிரி. சூரியனுக்கும் நமக்கும் நடுவில் அப்படி ஒரு கம்பி; நிலாவுக்கும் கடலுக்கும் நடுவில் ஒன்று. வெளிச்சம், காந்தம், ஈர்ப்பு எல்லாம் அந்தக் கம்பியின் வேலை. ஒருமுறை தொட்டது தொட்டதுதான். ஆனால் நீள நீள மெலியும். கம்பத்திலிருந்து எட்டக் கிடக்கிற வீட்டுக்கு லைன் இழுத்தால் பல்பு மங்கலாக எரியும் அல்லவா, அதே கணக்கு.

இதை முழுசாகக் கேட்ட ஒரே ஆள் என் மனைவி. காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். மெலியும் என்கிற இடத்தில் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டாள். அவள் பக்கம் பல்லி இருந்தது.

எங்கள் பெருமாள் கோயில் மேற்கூரையில் ஒரு தங்கப் பல்லியும் ஒரு வெள்ளிப் பல்லியும் உண்டு. படியேறி அவற்றைத் தொட்டால், உடம்பில் பல்லி விழுந்த தோஷம் போய்விடும். போக முடியாதவர்கள், தொட்டு வந்தவரின் கையைத் தொட்டுக்கொண்டால் போதும். அவள் கோயிலிலிருந்து திரும்பினால் தெருவில் நாலு பேர் அவள் கையைப் பிடிப்பார்கள். அந்த நாலு பேரை அவரவர் வீட்டார் தொடுவார்கள்.

"இது எத்தினி கை வரிக்கும் போவும்? கடைசிக் கைக்கு ஒண்ணுமே இருக்காது" என்று சீண்டுவேன்.

"வெளக்குலேர்ந்து வெளக்கு ஏத்தினா கொறையுதா இன்னா? உங்க கம்பிக் கணக்க மோட்டாரோட வெச்சிக்கங்க" என்பாள். சொல்லிவிட்டு என் தலையிலும் கையை வைப்பாள். "இந்தாங்க, உங்களுக்கும். போன வாரம் தோள்ல வுழுந்துதே."

கொரோனாவின் இரண்டாவது அலையில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வண்டியில் அவளே ஏறினாள். துணிப்பையை நான் நீட்டினேன், அவளும் கை நீட்டினாள். நடுவில் வண்டிக்காரர் வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். சுற்றிக் கட்டிய ஒரு பொட்டலமாகத்தான் திரும்ப அவளைப் பார்த்தேன், அதுவும் தூரத்திலிருந்து. முகம் பார்க்கவில்லை. வாய்க்கரிசி போடவில்லை. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள், யாரும் நெருங்காதபடி கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அம்மா கைய ஒரே ஒரு தடவ தொட்டுக்கிறேன்பா, சொல்லுப்பா அவங்ககிட்ட" என்று கதறினாள்.

அதுவரை என் கொள்கை எனக்கு ஒரு பொழுதுபோக்கு. அதற்கப்புறம் அது நிஜமாக இருந்தே தீரவேண்டும் என்றாகிவிட்டது. தொட்டது தொட்டதுதான் என்றால், அவளைக் கடைசியாகத் தொட்ட கை எங்கோ இருக்கிறது. அந்தக் கையைத் தொட்டால் அவளைத் தொட்ட மாதிரி. மெலிந்துதான் வரும். வரட்டுமே. மங்கலாக எரிந்தாலும் பல்புதானே.

நோய் அடங்கிய பிறகு ஆஸ்பத்திரியில் விசாரித்து விசாரித்து, அந்த வார்டில் வேலை பார்த்த ஓர் அம்மாளைக் கண்டுபிடித்தேன். வாலாஜாபாத்தில் அரிசி மில்லுக்குப் பின்னால் வீடு. பஸ் பிடித்துப் போனேன். அவருக்கு என் மனைவியை நினைவிருந்தது.

"ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்டுக்கினு இருந்தாங்களே, அவங்கதானே? செவுத்துல பல்லி கத்தினா பக்கத்து பெட்டுக்கெல்லாம் பலன் சொல்லிக்கினு இருப்பாங்க."

அவளேதான். அந்த நிலைமையிலும் பலன் சொல்லியிருக்கிறாள். கடைசியில் அவள் கண்களை மூடிவிட்டவளும் தான்தான் என்று அந்த அம்மாள் சொன்னார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இந்தப் பக்கத்து மனுஷி, விளக்க வேண்டியிருக்கவில்லை. கையை நீட்ட வந்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"க்ளவுஸ் போட்டுக்கினுதாண்ணா தொட்டேன். ஒண்ணுமேல ஒண்ணு, ரெண்டு."

ரப்பர். எதை நம்பி நான் கரண்டில் கை வைக்கிறேனோ அது. அதைத் தாண்டி எதுவும் போகாது என்பதுதான் என் தொழிலில் முதல் பாடம். இத்தனை வருஷம் சூரியன், நிலா என்று இழுத்துக் கட்டியதெல்லாம் அந்த இடத்தில் அறுந்துபோனது. அழுதுவிட்டேன். முன்பின் தெரியாத வீட்டில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அழுதேன்.

அந்த அம்மாள் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"இருங்கண்ணா, இப்பத்தான் நெனப்பு வருது. அவங்க வளையலக் கழட்டும்போது க்ளவுஸ் கிழிஞ்சிடுச்சு. என் வெரல் அவங்க கையில நல்லா பட்டுதுண்ணா."

"ரெண்டுமா கிழிஞ்சுது?" என்று கேட்டேன். தொழில் புத்தி போகுமா?

"ரெண்டும்தாண்ணா" என்றார், வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு.

என் மனைவி வளையல்களையெல்லாம் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் வண்டி ஏறினாள். இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கின்றன. அதை நான் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சோப்பிலும் மருந்துத் தண்ணீரிலும் ஊறிச் சொரசொரத்த கை. வேறு ஒருத்தருடைய கைதான். ஆனாலும் விட மனசு வரவில்லை. அவரும் இழுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். நான் போன இடம் அவளுக்குத் தெரியும்.

"பாத்தியாப்பா? தொட்டியா?"

"தொட்டேம்மா."

என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். என் வழக்கு, அவள் அம்மா வழக்கு இரண்டையும் கேட்டே வளர்ந்தவள் அவள். கண்ணை மூடிக்கொண்டே, "கொறஞ்சிருக்குமாப்பா?" என்று கேட்டாள்.

கையுறையைப் பற்றியோ வளையலைப் பற்றியோ நான் வாய் திறக்கவில்லை.

"எப்டிம்மா கொறையும்? வெளக்குலேர்ந்து வெளக்கு ஏத்தினா கொறையுதா இன்னா?" என்றேன்.