எண்ணெய் போடத் தேவையில்லாத தாங்கி

இன்பமலர் அக்கா எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன் காதருகே பிடித்து மூன்று முறை ஆட்டிப் பார்ப்பார். டோர்ச் லைட், கேத்தில், மூக்குக்கண்ணாடிச் சட்டம், எதுவானாலும் சரி. உள்ளே ஏதாவது கிலுகிலுத்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவார். “சத்தம் போடுற சாமான் எனக்குச் சரிவராது,” என்பார். பதினொரு வருடமாக அவருடைய காரில் வேலைக்குப் போய் வருகிறேன். அவர் ஆட்டாமல் வாங்கியது முட்டை மட்டும்தான்.

டென்மார்க்கின் ஸ்கீவ நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் எங்கள் இருவருக்கும் துப்புரவு வேலை. அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. உயரமில்லை, தோள் மட்டும் அகலம். கையுறையைக் கழற்றும்போது விரல் விரலாக இழுத்துக் கழற்றுவார். சாப்பிடுமுன் கண்ணை மூடி ஜெபிப்பார், அது எவ்வளவு சிறிய பிஸ்கட்டாக இருந்தாலும். காரின் பின்பெட்டியில், நிலம் துடைக்கும் வாளிக்குப் பக்கத்தில், நீளமான கறுப்புப் பை ஒன்று கிடக்கும். அதற்குள் இருப்பது வேட்டை வில்.

முன்பு மாலை வேளைகளில் ஒரு வில்வித்தைச் சங்கத்தின் மண்டபத்தைத் துப்புரவு செய்யப் போனாராம். “கூட்டப் போன இடத்தில எய்து பாக்கச் சொன்னாங்கள். எய்தன். பட்டிச்சுது. பிறகென்ன?” அவ்வளவுதான் அவர் சொல்லும் கதை. வேட்டை அனுமதிக்கான பரீட்சையை டேனிஷில் எழுதி, மூன்றாம் முறை சித்தியடைந்தார். இரண்டு முறை தவறியதையும் சிரித்துக்கொண்டே சொல்வார். சபையில் ஒன்றுகூடல் என்றால் மான் இறைச்சிப் பிரட்டல் அவருடைய பொறுப்பு.

அவர் வேட்டையாடுவது பிரேபன் என்ற விவசாயியின் சின்னக் காட்டில். வேறு எங்கும் அவருக்கு இடமில்லை. பிரேபனின் சொல்லில்தான் அவருடைய வேட்டை நிற்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒக்டோபரில் முதல் உறைபனி விழுந்த காலையில் அது நடந்தது. பதினெட்டு மீற்றர் தூரத்தில் ஒரு மான் நின்றது. அக்கா எய்தார். அம்பு விலகிப் போய் வயிற்றில் பட்டது. மான் ஓடிவிட்டது. காயப்பட்ட மிருகத்தைத் தேடும் நாயைக் கூப்பிட்டு, நாலு மணித்தியாலம் கழித்துத்தான் மானைக் கண்டுபிடித்து அதன் வேதனையை முடித்தார்கள்.

பிழை அம்புத்தாங்கியில் என்றார் அக்கா. நாணை இழுக்கும்போது அம்பை ஏந்தி நிற்கும் சின்னக் கவை அது. நாணை விட்டதும் கீழே விழுந்து அம்புக்கு வழிவிட வேண்டும். அன்றைக்கு அது விழவில்லை. அம்பின் இறகு அதில் இடித்துவிட்டது. “சாமான் பிழை,” என்று பிரேபனிடமும் சொன்னார். பிரேபன் அதிகம் கதைக்கிறவர் அல்ல. நல்ல தாங்கி ஒன்றைப் பூட்டிக்கொண்டு வா, இன்னொரு மான் இப்படி ஓடினால் வில்லோடு இந்தப் பக்கம் வராதே என்றார்.

அதற்குப் பிறகு அக்கா அந்தப் பருவம் முழுவதும் எய்யவில்லை. நீடித்து உழைக்கும் தாங்கி எது என்பதே பேச்சு. ஒரு சனிக்கிழமை பிரெடெரிசியா நகரம் வரை போய் ஒரு கடையில் இரண்டு தாங்கிகளை ஆட்டிப் பார்த்து வாங்கி வந்தார். ஒன்று, தடித்த உலோகத்தில் செய்த, விழும் கவை. மற்றது ஒரு வளையம். சுற்றிவர உள்நோக்கி, துடைப்பத்தில் இருப்பதுபோல் கட்டையான தும்பு, நடுவே அம்பு நுழைய ஒரு துளை. அசையும் பாகம் எதுவும் இல்லை.

அன்று மாலை என்னையும் வீட்டுக்குக் கூட்டிப் போனார். பழையது, புதியது இரண்டு, மூன்றையும் பொலித்தீன் பையில் போட்டு, பாரை மீனுக்கும் முருங்கைக்காய்ப் பொதிக்கும் நடுவே பிறீசரில் வைத்தார்.

“அம்மா, சாப்பாட்டுச் சாமானோடையா?” என்று டேனிஷில் கத்தினாள் மகள் ஸ்ரெபானி.

“நீர் சும்மா இரும். டென்மார்க் குளிரை வேற எங்க போய்க் கொண்டுவாறது?”

ஒரு மணித்தியாலம் கழித்து எடுத்தார். புதிய கவை டக்கென்று விழுந்தது. தும்பு வளையம் வைத்தது வைத்தபடி இருந்தது. பழைய கவையை அக்கா தூக்கி விட்டார். அது பாதி வழியில் நின்றது. விளக்குக்குக் கிட்டப் பிடித்தார். மூட்டுக்குள் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. நகத்தால் சுரண்டி மணந்து பார்த்தார். பிறகு என் பக்கம் நீட்டினார். எனக்கு மணக்கத் தேவையிருக்கவில்லை.

அந்த வேட்டைக்கு முந்திய ஓகஸ்ட் வெயிலில், வில்வித்தைச் சங்கத்து வாசலில், தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெயில் இரண்டு சொட்டு அந்த மூட்டில் அவர் விட்டதை நான் பார்த்திருந்தேன். கதவுக் கீல், தையல் மெசின், கத்தரிக்கோல், எல்லாவற்றுக்கும் அவர் வீட்டில் அதே எண்ணெய்தான். அன்றைக்கு அது தண்ணீராக ஓடியது.

அக்கா கதிரையில் இருந்தார். “பனி துவங்கினால் எண்ணெய்ப் போத்திலை ஹீற்றருக்கு மேல வைக்கிறனான் நான். உருகின பிறகுதான் தலைக்கு வைக்கிறன். இது எனக்குத் தெரியாதோ?”

பழைய கவையை மேசையில் வைத்து, “சாமானிலை பிழையில்லை. பிழை என்னிலை,” என்றார்.

ஸ்ரெபானி விடவில்லை. புதுசு வாங்கியாயிற்று, பிரேபனுக்கு ஏன் சொல்ல வேண்டும், சொன்னால் காடு போய்விடும் என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

“போனால் போகட்டும். அந்த மனுசனுக்கு நான் பொய் சொல்லி வச்சிருக்கிறன். தெரியாமல் சொன்னது நேற்று வரைக்கும். இண்டைக்குத் தெரியும்.” கார்ச் சாவியை எடுத்தார். நானும் கூட ஏறினேன்.

பிரேபன் முற்றத்தில் நின்றே கேட்டார். தேங்காயெண்ணெய் என்றதும் அவருக்கு விளங்கவில்லை; அக்கா தன் தலையைத் தொட்டுக் காட்டினார். அவர் சிரிக்கவில்லை. எந்தத் தாங்கியைப் பூட்டப் போகிறாய் என்று மட்டும் கேட்டார்.

அக்கா தும்பு வளையத்தைக் காட்டினார். விழும் கவை அம்பை உரசாது, அதுதான் இன்னும் திறமானது என்று கடைக்காரன் சொன்னதையும் மறைக்கவில்லை. வரும் வழியில் என்னிடம் சொன்னார்: “அசையுற சாமானைக் கண்டால் என்ரை கை எண்ணெய்ப் போத்திலைத் தேடும். அந்தக் கையை எனக்கு நல்லாத் தெரியும். இதில எண்ணெய் விட இடமே இல்லை. தும்பு தேய்ஞ்சால் மாத்தலாம். தும்பு பற்றி எனக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. இருபத்தாறு வருசமாய்த் தும்புத்தடியோடைதானே சீவியம்.”

பிரேபன் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒக்டோபர் வந்ததும் அக்கா தானாகவே ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். காட்டுக்குப் போகுமுன் முற்றத்துக்குப் போய்க் கதவைத் தட்டி, பிரேபனின் கண் முன்னே வைக்கோல் கட்டில் ஒரு அம்பு எய்து காட்டுவார். முதல் சில வாரம் பிரேபன் குளிரங்கியோடு வெளியே வந்து, வைக்கோல் கட்டு வரை நடந்துபோய், அம்பு எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்த்தார்.

இரண்டாவது பருவம் இது. இப்போது அவர் வெளியே வருவதில்லை. அக்கா எய்கிறார், சமையலறை யன்னலுக்குப் பின்னால் பிரேபன் கோப்பிக் கோப்பையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டிவிட்டுப் பத்திரிகையை விரிக்கிறார். அக்கா அம்பைப் பிடுங்கிக்கொண்டு காட்டுக்குள் போகிறார்.